மாசிபத்திரிப் பஞ்சும் முழங்கால் ஊசியும்

ஹட்டன், நுவரெலியா மலைகளில் தேயிலைச் செடிகளுக்கு இடையிலும் கான் ஓரங்களிலும் தானாக வளரும் களை ஒன்று உண்டு. இலையின் மேற்புறம் கரும்பச்சை. திருப்பிப் பார்த்தால் வெண்சாம்பல் நிறத்தில் மெல்லிய மயிர் அடர்ந்திருக்கும். கசக்கினால் கற்பூரமும் கசப்பும் கலந்த வாசம் விரலில் நிற்கும். தமிழ் மருத்துவத்தில் இது மாசிபத்திரி, சிங்களத்தில் வல்கொழுந்து, தாவரவியலில் ஆர்ட்டெமிசியா வல்காரிஸ். மண்ணுக்குள் ஓடும் தண்டினால் பரவுவதால், மேலே வெட்டினாலும் மறுபடி முளைத்துவிடும். தோட்ட நிர்வாகத்துக்கு இது தீராத தொல்லை. சீன மருத்துவத்திலோ இதன் நெருங்கிய உறவான ஆர்ட்டெமிசியா ஆர்கி ஊசிக்கு நிகரான இடத்தைப் பெற்றிருக்கிறது. அதன் இலைப் பஞ்சைக் கொளுத்தி உடலுக்குச் சூடு கொடுப்பதையே மொக்சா என்கிறார்கள். 2010இல் யுனெஸ்கோ தன் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அக்குபங்சரையும் மொக்சாவையும் ஒரே கலையாகவே பதிவுசெய்தது.

இரண்டும் ஒன்றாக இணையும் சிகிச்சை சூட்டூசி. குத்திய ஊசியின் பிடியில் மொக்சாத் துண்டைச் செருகிக் கொளுத்துவார்கள். வெப்பம் ஊசிக்குக் கீழுள்ள தோலிலும், ஓரளவு ஊசி வழியே உள்ளேயும் படும். மழையிலும் பனியிலும் சரிவில் நின்று கொழுந்து பறிப்பவர்களின் முழங்கால் வலிக்கு இது பொருத்தமானது எனச் சீன மருத்துவம் சொல்லும். அந்தச் சிகிச்சையை இலையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு குறிப்பு: இலங்கையில் அக்குபங்சர் பரவியதற்கு முதன்மையான காரணம் வைத்தியர் அன்ரன் ஜயசூரிய (1930–2005). மேலை மருத்துவம் படித்த அவர் 1970களில் சீனாவில் அக்குபங்சர் கற்றுவந்து, களுபோவில கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் அதற்கென ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்தினார். வெளிநாட்டு மருத்துவர்களும் அங்கே வந்து பயின்றார்கள். அந்த வழியில் வந்த கைப்பழக்கம்தான் இன்று நாட்டின் பல ஊர்களிலும் காணக்கிடைக்கிறது.

முதல் வேலை, நம் மலையின் மாசிபத்திரி இலையைப் பறிப்பது. பூக்கும் முன்னரே பறிக்க வேண்டும். பூ வந்த பிறகு இலை சிறுத்து, மயிரும் குறைந்துவிடும். மேற்கு மலைச் சரிவுகளில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. பறித்ததைக் காயவைக்க அதுவே ஏற்ற காலம். தண்டின் நடுப்பகுதியில் உள்ள அகன்ற இலைகளை மட்டும் எடுத்து, அடியில் பழுத்தவற்றை விட்டுவிட வேண்டும். எங்கே பறிக்கிறோம் என்பதும் முக்கியம். களைக்கொல்லி தெளித்த மலையில் பறிக்கவே கூடாது. இலங்கை 2015இல் கிளைபோசேற்றுக்குத் தடை விதித்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அந்தத் தடையைத் தளர்த்தியது. ஆகவே எந்த மலையில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்டுவிட்டுப் பறிப்பதே ஒழுங்கு. எரித்துப் புகை விடப்போகும் பொருளில் நஞ்சு இருக்கக் கூடாது.

பறித்த இலையைச் சாக்கின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் ஏழு முதல் பத்து நாள் உலர்த்த வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும்போது ஓரளவு ஈரத்தை வேண்டுமென்றே நிறுத்திவைப்பார்கள். மடித்தால் ஒடியாமல் துவள வேண்டும். இங்கே அந்தக் கணக்கு உதவாது. நரம்பு சடக்கென ஒடிந்து, இலை உள்ளங்கையில் நொறுங்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் அடுத்த கட்டத்தில் மயிர் பிரியாது, இலை களியாகிவிடும். நுவரெலியாப் பக்கத்தில் மூடுபனி இறங்கும் மாலைகளில் சாக்கை வீட்டுக்குள் இழுத்து, அடுப்படிக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது.

உலர்ந்ததை உடனே இடிப்பதில்லை. மூடி இறுகிய தகரத்தில் அடைத்துப் பழசாக விடுவார்கள். இலையில் சினியோல், கற்பூரம் போன்ற ஆவியாகும் எண்ணெய்கள் உள்ளன. புது இலையில் அவை மிகுந்திருப்பதால் தீ சடசடவென வேகமாகப் பற்றும். சூடு தோலைச் சுடும். மாதங்கள் செல்லச் செல்ல எண்ணெய் குறைந்து, கனல் நிதானமாகப் பரவும். மூன்றாண்டு பழையதே சிறந்தது என்ற கருத்து 2,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சீனத் தத்துவஞானி மென்சியசின் நூலிலேயே காணப்படுகிறது. ஓராண்டுப் பழசும் வேலைக்கு உதவும். மழைக்காலத்தில் தகரத்தைத் திறந்து பார்த்து, பூஞ்சணம் பிடித்திருந்தால் அந்தத் தகரத்தையே ஒதுக்கிவிட வேண்டும்.

இடிக்கும் வேலையில்தான் நேரமும் கைத்திறனும் அதிகம் செல்கின்றன. காம்பையும் நடுநரம்பையும் கிள்ளி நீக்கி, இலையைக் கல்லுரலில் இட்டு, உலக்கையைச் செங்குத்தாகப் போடாமல் சற்றே தேய்த்து இழுத்தபடி இடிக்க வேண்டும். சில நிமிடங்களில் உரலில் இரண்டு பொருள்கள் பிரிந்து தெரியும். ஒன்று நொறுங்கிய பச்சைத் தூள். மற்றது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு திரளும் மயிர். இலையின் அடிப்புற மயிர்கள் ஆங்கில ‘டி’ வடிவில் கிளைத்தவை. அதனால்தான் அவை இடிபட்டும் பொடியாகாமல் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்கின்றன. உரலில் இருப்பதை மெல்லிய கம்பிச் சல்லடையில் கொட்டித் தட்டினால் தூள் கீழே விழும், பஞ்சு மேலே நிற்கும். மேலே நின்றதை மறுபடி உரலில் இடித்துச் சலிக்க வேண்டும். பஞ்சு பழுப்பு கலந்த மஞ்சள் நிறத்துக்கு வந்து, விரலால் உருட்டும்போது உறுத்தாமல் இருக்கும்வரை இதைத் தொடர வேண்டும்.

தரத்தை விகிதத்தால் சொல்வார்கள். ஐந்து கிலோ இலைக்கு ஒரு கிலோ பஞ்சு கிடைத்தால் ஐந்துக்கு ஒன்று. பத்துக்கு ஒன்று அதைவிட மென்மையானது. தோலின் மேல் நேரடியாக வைத்து எரிக்கும் நெல்மணி அளவுத் துகள்களுக்கு முப்பதுக்கு ஒன்று வரையிலும் சலிப்பவர்கள் உண்டு. சூட்டூசிக்கு அவ்வளவு மென்மை வேண்டியதில்லை. சற்றே கரடான பஞ்சே ஊசிப்பிடியில் உதிராமல் நிற்கும்.

பஞ்சைச் சுருளாக்குவதற்கு மல்பெரிப் பட்டைத் தாள் மிகப் பொருத்தம். அது இல்லாவிட்டால் மை அச்சிடாத மெல்லிய தாள் போதும். இருபது சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பஞ்சைப் பரப்பி, விரல் தடிமன் வருமாறு, ஏறக்குறைய பதினெட்டு மில்லிமீற்றர் விட்டத்தில் இறுகச் சுருட்டி, ஓரத்தைக் கஞ்சியால் ஒட்ட வேண்டும். இறுக்கம் எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் கனல் வேகமாக ஓடிச் சாம்பல் உதிரும். மிகவும் இறுகினால் நடுவில் அணைந்துவிடும். சுருட்டிய பின் இரண்டு சென்ரிமீற்றர்த் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய கம்பியால் பாதியாழத்துக்குத் துளையிட்டு வைத்தால் பொருள் தயார்.

இனி ஊசி. துருவேறா உருக்கினாலானது, 0.30 மில்லிமீற்றர் தடிமன், நாற்பது மில்லிமீற்றர் நீளம். பிடி கட்டாயம் உலோகக் கம்பி சுற்றியதாக இருக்க வேண்டும். இப்போது பரவலாக விற்கப்படும் பிளாஸ்டிக் பிடி ஊசி இந்த வேலைக்கு உதவாது, கனலில் உருகிவிடும். கிருமி நீக்கி உறையிட்ட, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியே வேண்டும். முன்னொரு காலத்தில் ஊசிகளை 121 பாகை செல்சியசில் நீராவி அழுத்தத்தில் வைத்து மறுபடி பயன்படுத்தினார்கள். இன்று அதற்குத் தேவையே இல்லை.

பொருள்கள் ஆயத்தமான பிறகே ஆளைப் பார்ப்பது. வருபவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய கொழுந்து பறிக்கும் பெண். பகலில் வரச் சொன்னால் அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போய்விடும் என்பதால், கடைசி நிறுவை முடிந்த பின்நேரமோ ஞாயிற்றுக்கிழமையோதான் அவருக்கு வசதி. ஹட்டன் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இந்த உயரத்துக் குளிரில், இடுப்பில் படங்கு கட்டியிருந்தாலும் ஈரச்செடி உரசி முழங்காலுக்குக் கீழே நாள் முழுக்க நனைந்திருக்கும்.

வைத்தியர் முதலில் கேட்பது வலியின் தன்மையை. மழைநாளில் கூடுகிறதா? அடுப்பருகே இருந்தால் குறைகிறதா? கால் கனக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் சீன முறையில் அது குளிரும் ஈரமும் புகுந்து ஓட்டத்தைத் தடுத்த வலி. ‘ச்சி’ எனப்படும் உயிராற்றல் பன்னிரண்டு முதன்மைப் பாதைகளிலும், உடலின் முன்னும் பின்னும் நடுவில் ஓடும் இரண்டிலும் சுற்றுகிறது. தடைப்பட்ட இடத்தில் வலி பிறக்கிறது என்பது அதன் கொள்கை. அடுத்து நாக்கு: வெளிறி, வெண்படிவு தடித்திருந்தால் முதல் முடிவு உறுதிப்படும். பிறகு நாடி. மூன்று விரல்களை மணிக்கட்டில் வைப்பது சித்த வைத்தியம் அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் நம் முறையில் மூன்று விரலும் வாதம், பித்தம், கபம் என்று படிக்கும். சீன முறையில் இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்றும், வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம் என்றும் படிக்கும். மேலோட்டமாகத் தொட்டு ஒரு முறை, அழுத்தி ஒரு முறை பார்ப்பதும் உண்டு.

முழங்கால் சிவந்து, வீங்கி, தொடும்போது சுட்டால் சூடு கொடுக்கக் கூடாது. அது வேறு வகை. சீனி வியாதி உள்ளவரா என்று கேட்டு, கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடுவது தெரியாத காலில் சூடு வைத்தால் புண்ணான பிறகுதான் தெரியவரும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரா, இழுப்பு உள்ளவரா என்பதும் கேட்க வேண்டிய கேள்விகளே. மொக்சாப் புகை இழுப்புக்காரருக்கு ஒத்துக்கொள்ளாது. இந்தக் கேள்விகளுக்குப் பத்து நிமிடம் செலவிடாத வைத்தியர் ஊசியைத் தொடாமலிருப்பதே நல்லது.

படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை செருகிக் காலைச் சற்றே மடக்க வேண்டும். மடக்கினால்தான் முட்டிச் சில்லின் கீழே இருபுறமும் இரண்டு குழிகள் திறந்து தெரியும். இவை முழங்காற் கண்கள். மற்றப் புள்ளிகளுக்கு வெளிக்குழியே தொடக்கம்.

அளவுக்கோல் நோயாளியின் உடலே. அவரது கட்டைவிரல் கணுவின் அகலம் ஒரு சூன். சுட்டுவிரல் முதல் சுண்டுவிரல் வரை நான்கையும் சேர்த்தால், நடுவிரலின் நடுக்கணு மட்டத்தில் மூன்று சூன். முழங்கால் மடிப்பிலிருந்து வெளிக்கணுக்காலின் முனை வரை பதினாறு சூன். வைத்தியர் தம் கையை வைத்து அளந்துவிட்டால் கணக்குத் தவறும். ஆகவே அந்தப் பெண்ணின் கையையே எடுத்து அவர் காலின் மேல் வைக்கிறார். பல ஆண்டு கொழுந்து கிள்ளியதில் விரல் கணுக்கள் பருத்திருந்தால், நான்கு விரல் அகலத்தைப் பதினாறு சூன் அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்கிறார். வெளிக்குழியிலிருந்து மூன்று சூன் கீழே, முன்காலெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி வருவது வயிற்றுப் பாதையின் 36ஆம் புள்ளி, ஸுசான்லி. முழங்காலுக்கு வெளிப்புறம் சிற்றெலும்பின் தலைக்குச் சற்று முன்னும் கீழுமாக உள்ள பள்ளம் பித்தப்பைப் பாதையின் 34. அதற்கு நேர் எதிரே உட்புறத்தில், பெரிய எலும்பின் முடிச்சுக்குக் கீழே மண்ணீரற் பாதையின் 9. ஒவ்வொன்றையும் விரல்நுனியால் அழுத்தும்போது ஓரிடத்தில் நோயாளி முகம் சுளிப்பார். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி.

இப்படிப் புள்ளிகளை நிலைப்படுத்தியதில் சீனர் காட்டிய ஒழுங்கு வியக்கத்தக்கது. 1027இல் வாங் வெய்யி, புள்ளிகள் துளையிட்ட ஆளுயர வெண்கல உருவங்களை வார்த்தார். அவற்றின் மேல் மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி மாணவர்களைச் சோதித்ததாகச் சொல்வார்கள்: சரியான துளையில் ஊசி இறங்கினால் நீர் வரும். உலக சுகாதார நிறுவனம் 361 புள்ளிகளின் அமைவிடங்களை ஒரே தரத்துக்குக் கொண்டுவந்து 2008இல் வெளியிட்டது.

ஆயினும் இந்தத் துல்லியம் வலியைப் போக்குவதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதை ஜெர்மனியில் சோதித்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஆயிரம் முழங்கால் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. மரபுப் புள்ளிகளில் குத்தப்பட்டவர்களில் 53 வீதத்தினருக்கும், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 51 வீதத்தினருக்கும் குறிப்பிடத்தக்க பயன் கிடைத்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 29 வீதம். பாதைகளின் வரைபடத்துக்கு இது வலுச்சேர்க்கவில்லை. என் கணிப்பில், அளந்து குத்துவதன் உறுதியான பயன் பாதுகாப்புத்தான். ஸுசான்லிக்கு அடியாழத்தில் ஒரு தமனியும் பாதத்தைத் தூக்கும் தசைகளுக்குச் செல்லும் நரம்பும் ஓடுகின்றன. முழங்காற் கண்ணில் ஆழ இறங்கினால் ஊசி மூட்டுறைக்குள் புகும். இடத்தையும் ஆழத்தையும் அறிந்த கை இவற்றைத் தவிர்க்கும்.

கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, எழுபது வீத அல்கஹோலில் நனைத்த பஞ்சால் புள்ளியைத் துடைத்து, அது முற்றாக உலரும்வரை காத்திருக்க வேண்டும். காலில் அட்டைக்கடிப் புண்கள் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

குத்துவதற்கு வழிகாட்டிக் குழாய் உதவும். பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பானில் வாழ்ந்த, கண்பார்வையற்ற சுகியாமா வாயிச்சி பரப்பிய உத்தி அது. குழாய் ஊசியைவிட நான்கைந்து மில்லிமீற்றர் குட்டை. குழாயைத் தோலில் அழுத்தி நிறுத்தி, வெளியே நீட்டியிருக்கும் பிடியைச் சுட்டுவிரலால் ஒரே தட்டாகத் தட்டினால் நுனி தோலைக் கடந்துவிடும். தோலில்தான் வலியுணர்வு மிகுதி. அதை நொடியில் கடப்பதே குழாயின் வேலை. பிறகு குழாயை உருவிவிட்டு, ஊசியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே முன்னும் பின்னும் உருட்டியபடி மெல்ல இறக்க வேண்டும். ஸுசான்லியில் தொண்ணூறு பாகையில் இருபத்தைந்து மில்லிமீற்றர் வரை. முழங்காற் கண்களில் உட்பக்கம் சரித்து, பாதி ஆழம்.

ஓர் ஆழத்தில் ஊசியை ஏதோ கவ்வுவதுபோல விரலுக்குப் படும். அப்போது வைத்தியர் நிறுத்திவிட்டுக் கேட்கிறார்.

“இப்ப எப்படிம்மா இருக்கு?”

“குத்துற வலி இல்லீங்க ஐயா. உள்ளுக்குள்ள கனமா இழுக்குது, பாதம் வரைக்கும் போகுது.”

அந்தக் கனமும் இழுப்பும் வந்தால் ச்சி வந்துவிட்டது என்பது மரபு. மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்றால் நரம்பைத் தொட்டிருக்கிறது என்று பொருள். உடனே பின்னிழுக்க வேண்டும். இதன் உயிரியல் பக்கத்தில் ஒரு சுவையான சோதனை உண்டு. 2010இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழு, எலியின் காலில் இதே ஸுசான்லியில் ஊசியைச் செருகித் திருகியது. அந்தத் திசுவில் வலியைத் தணிக்கும் அடினோசின் 24 மடங்கு உயர்ந்தது.

இனிச் சூடு. நேராக நிற்கும் ஊசிகளில் மட்டுமே மொக்சா ஏற்றலாம். சரிந்த ஊசியில் பாரம் ஏறினால் ஊசி வளையும். ஆகவே ஸுசான்லிக்கும் பித்தப்பை 34க்கும் மட்டும். தடித்த அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கீறலிட்டு, அதை ஊசியைச் சுற்றித் தோலின் மேல் படுக்க வைக்க வேண்டும். விழும் சாம்பலை அது தாங்கும். துளையிட்ட துண்டை ஊசிப்பிடியில் செருகி, அதன் அடிப்பக்கத்தை, தோலை நோக்கிய பக்கத்தைப் பற்றவைக்க வேண்டும். மேலே பற்றவைத்தால் வெப்பம் வீணே மேலே போகும். துண்டின் அடிக்கும் தோலுக்கும் இடையே இரண்டு முதல் மூன்று சென்ரிமீற்றர் இடைவெளி. சன்னலைத் திறந்து, காற்று நேரே நோயாளியின் மேல் படாமல் ஒரு திரை. பிறகு வைத்தியர் எழுந்து போகக் கூடாது. நோயாளியும் காலை அசைக்கக் கூடாது.

ஒரு துண்டு எரிந்து முடிய ஏறத்தாழ எட்டுப் பத்து நிமிடம். தோல் இளஞ்சிவப்பாக வேண்டும். நோயாளி இதமான சூடு என்று சொல்ல வேண்டும். சுடுகிறது என்றால் இன்னொரு அட்டையைச் செருகிச் சூட்டைத் தடுக்கலாம். சாம்பலை இடுக்கியால் எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு இரண்டாவது துண்டு. முழங்காற் கண்களிலும் மண்ணீரல் 9இலும் உள்ள ஊசிகள் சூடில்லாமல் அப்படியே இருக்கும். மொத்தம் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம்.

எடுக்கும் வரிசையும் முக்கியம். முதலில் சாம்பல், பிறகு அட்டை; பிடி ஆறும்வரை பொறுத்துத்தான் ஊசி. அவசரப்பட்டுப் பிடித்தால் வைத்தியரின் விரல்தான் சுடும். உலர்ந்த பஞ்சால் தோலை அழுத்திக்கொண்டு, ஊசியை உருட்டி இளக்கி நேராக உருவ வேண்டும். இறங்கியவை ஐந்து என்றால் கூர்பொருள் பெட்டியில் விழுவதும் ஐந்தாக இருக்க வேண்டும். எண்ணி எழுதிய பிறகே போர்வையை மடிக்கலாம். நோயாளி ஐந்து நிமிடம் படுத்திருந்து, உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும். வேலை முடிந்து வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்குச் சட்டென எழுந்தால் தலைசுற்றும். ஆதலால் ஊசிக்கு முன்பே ஒரு இனிப்புத் தேநீரும் ரொட்டியும் கொடுத்துவிடுவது மலையகத்தில் நல்ல வழக்கம். அன்றைக்குக் காலைக் குளிர்ந்த நீரில் நனைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை, பத்து முறை ஒரு சுற்று. ஒவ்வொரு முறையும் படிக்கட்டு இறங்கும்போது வலி எவ்வளவு என்பதைப் பூச்சியம் முதல் பத்து வரை கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறாவது முறைக்குப் பிறகும் அந்த எண் அசையவில்லை என்றாலோ, மூட்டு வீங்கிச் சூடானாலோ, நடுவே கால் மடங்கி விழுந்தாலோ ஊசியை நிறுத்திவிட்டு, குறிப்புத் தாளோடு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு எக்ஸ்ரேக்கு அனுப்புவது அடுத்த படி.